வாலில் இல்லாத புள்ளி

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, பகல் 11.40. சிவகாசியில் பொட்டுக் காற்றில்லை. தகரக் கூரை வழியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. 33 ஆண்டுகள் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், விருதுநகரிலிருந்து பஸ்ஸில் போய், ஓர் அச்சகத்தில் பள்ளிக்கூடச் சுவர்ப்படங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பேன். அன்று ‘நன்னீர் மீன்கள்’ படம் 3,000 பிரதி அச்சாகி, சுருட்டிக் கட்டும் வேலை நடந்தது. 2 மணிக்கு லாரி.

சுருட்டிய நான்கு பெண்களில் ஒருவர் ஒரு தாளோடு என்னிடம் வந்தார். குளிர்ந்த மலை ஓடைகளில் வாழும் டிரவுட் மீனில் வானவில் டிரவுட், பழுப்பு டிரவுட் என்ற இரண்டு வகைகள் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

“ஐயா, வானவில் மீனுக்கு வாலு பூராம் கறுப்புப் புள்ளின்னு கீழ எழுதியிருக்கீக. இதுல ஒண்ணுகூட இல்லையே. பக்கத்து மீனுக்குல்ல இருக்கு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முந்தின வாரம்தான் இரண்டு மீனுக்கும் குதத் துடுப்பின் கதிர்களை எண்ணியிருந்தேன். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சின்னக் கொழுப்புத் துடுப்பு இருக்கிறதா என்று பார்த்திருந்தேன். எழுத்துப் பிழை 14 திருத்திக் கையெழுத்தும் போட்டிருந்தேன். 33 வருஷம் பாடம் எடுத்தவனுக்கு நீ சொல்லித் தருகிறாயா, சுருட்டுகிற வேலையைப் பார் என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் தாளை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

அவர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் லென்ஸை எடுத்தேன். வானவில் என்று பெயர் போட்ட மீனின் விலாவில், வெளிர் வளையமிட்ட சிவப்புப் புள்ளி 19; வாலில் பூஜ்யம். மற்றதற்கு விலா நெடுக இளஞ்சிவப்புப் பட்டை. வாலில் 46 புள்ளி. பெயர்களும் குறிப்புகளும் இடம் மாறியிருந்தன. இரண்டுக்கும் பொதுவானதை எல்லாம் எண்ணிய நான், வேறுபடுவதைப் பார்க்கவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். “நம்மூரு ஆனைக்குட்டம் டேம்லயா சார் இந்த மீனு நீந்துது? எந்தப் பிள்ள கண்டுபிடிக்கப் போகுது? லோடு போகட்டும்” என்றார். அந்தப் பெண்ணைப் பார்த்து, “ஏம்மா, புள்ளி எண்ணவா ஒனக்குச் சம்பளம்?” என்று கேட்டு, அரை நாள் கூலியைப் பிடிக்கச் சொன்னார்.

பிள்ளைகள் நம்பிப் படிக்கிற படம் அது. அதைவிட, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் கத்தியதைத்தான் முதலாளியும் சொல்கிறார் என்பதில் வந்த ஆத்திரம் பெரிது. அந்த அம்மாவின் கூலியில் கைவைத்தால் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன், பெயரையும் குறிப்பையும் மாற்றி ஒட்டுகிற செலவு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். உங்கள் இஷ்டம் என்று முதலாளி லாரியை நிறுத்தினார்.

6,000 ஒட்டுத்தாள், இரண்டு நாள். நானும் உட்கார்ந்து ஒட்டினேன், எல்லாம் கோணல். “ஐயா, நீங்க எண்ணிக் குடுங்க, ஒட்டுறத நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார் அந்த அம்மா, சிரிக்காமல். அதற்கும் கோபம் வந்தது. எண்ணித்தான் கொடுத்தேன்.

ஒட்டுத்தாள் அச்சுக்கு 2,400, நால்வர் கூலி 3,600, லாரி காத்திருந்த வாடகை 1,500, டீ 160. எல்லார் முன்னாலும் கத்தியவன், யாரும் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகத்தான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கஞ்சத்தனம் இன்றும் உறுத்துகிறது, கையைவிட்டுப் போன 7,660 ரூபாய் உறுத்தவில்லை.