நடப்பவர் ஒருவர், பேர் இன்னொருவருக்கு

சலவைக்கடையில் காலையிலிருந்து நின்றபடியே இஸ்திரி போட்டவள், அந்தக் கால்வலியோடுதான் கணவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருந்தாள். அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தவர். ஏணி உச்சியில் நின்று பாட்டுப் பாடிய மனிதர், இப்போது பாதத்தைத் தரையில் இழுத்து இழுத்து வைக்கிறார். வாசல் வந்தால் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுகிறார்.

டாக்டரம்மா அவரை நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, "பார்க்கின்சோனியன் நடை" என்று நர்ஸிடம் சொன்னார்.

"அப்படின்னா என்னங்கம்மா?"

"பார்க்கின்சன்னு ஒரு டாக்டர். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி கைகால் நடுங்கி நடை தடுமாறற இந்த நோயைப் பத்தி விவரமா எழுதினார். பின்னாடி வந்தவங்க நோய்க்கு அவர் பேரையே வெச்சாங்க. அந்தப் பேருக்கு 'இயன்'னு ஒரு வால் ஒட்டினா, இங்கிலீஷ்ல இந்த மாதிரி நடைக்குப் பேராயிடுது."

"அவருக்கும் இது இருந்துச்சா?"

"இல்ல. அவர் எழுதினது ஆறு பேரைப் பத்தி. அதுல சிலரைத் தெருவுல பார்த்ததோட சரி."

கணவர் மெல்ல வாய் திறந்தார். "நடக்கறது நான். பேரு அந்த ஆளுக்கா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் தலை சாய்த்தபோது பார்க்கின்சன் தெருவில் பார்த்த அந்த ஆட்கள்தான் மனசில் வந்தார்கள். தான் இவருக்குப் போட்டுவிடுவதுபோல் அவர்களுக்கு யார் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார்களோ. அதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

வீட்டு வாசலில் அவர் மறுபடி நின்றுவிட்டார்.

"காலைத் தூக்குங்களேன். என்னால முடியல."

"எனக்கு மட்டும் இங்கேயே நிக்க ஆசையா?"

அவள் படியிலேயே உட்கார்ந்தாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் சிலருக்குக் கால் எழும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். மறுநாள் வேலைக்குக் கிளம்புமுன் அவள் வாசலில் வண்ண டேப் ஒட்டினாள்.

"கோணலா இருக்கு" என்றார் நாற்காலியிலிருந்து.

"தாண்டறதுக்குத்தானே? சுவத்துல அடிக்கற பெயின்டா இது?"

"கோணல்னா கோணல்தான்."

முணுமுணுத்துக்கொண்டே பிய்த்து ஒட்டினாள். அவருக்கு அதுவும் பிடிக்கவில்லை. மறுபடி ஒட்டினாள். அவர் எழுந்து வந்து முதல் கோட்டைத் தாண்டினார், அடுத்ததையும் தாண்டினார். வாசலுக்கு வெளியே வந்து நின்றபோது அவராலேயே நம்ப முடியவில்லை.

எல்லா நாளும் அப்படி நடக்கவில்லை. சில காலைகளில் கோடு இருந்தும் கால் எழாது. அன்றைக்கெல்லாம் அவள் வேலைக்குத் தாமதமாகத்தான் போனாள்.