தொத்தாத இருமல்

விருத்தாசலத்தில் எங்கள் மருத்துவக் கல்லூரி நடத்திய முகாமில், வரிசையில் நின்ற பீங்கான் தொழிலாளி ஒருவர் இருமினார். அப்பா இருமியது போலவே இருந்தது.

அப்பாவும் பீங்கான் கம்பெனியில்தான் மண் அரைத்தார். வேலை முடிந்து வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். டவுன் டாக்டர் ஒருவர் டிபி என்று மாத்திரை கொடுத்ததிலிருந்து, அம்மா அவருக்குத் தட்டு, டம்ளர், பாய் எல்லாவற்றையும் தனியாக்கிவிட்டாள். நான் கிட்டே போனால், "தொத்திக்கும்டி, இந்தாண்ட வா" என்று இழுப்பாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒருமுறை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் எக்ஸ்ரே வேனோடு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒரு பெண்தான் முதன்முதலாக அப்பாவிடம், "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டாள். மறுவாரம் எக்ஸ்ரே படத்தோடு வீட்டுக்கே வந்தாள்.

"இது டிபி இல்லீங்க. மண்ணுத் தூசி நுரையீரல்ல படிஞ்சிருக்குது. யாருக்கும் தொத்தாது."

"அப்ப சரியாயிடுமாம்மா?" என்றாள் அம்மா.

அவள் எக்ஸ்ரே படத்தை உறைக்குள் போட்டாள். "சரியாகாதுங்க. அந்த வேலைய வுட்டுட்டா இன்னும் மோசமாகாம பாக்கலாம்."

அன்று சாயங்காலம் அப்பா என்னை மடியில் வைத்து, தன் தட்டிலிருந்தே ஊட்டினார். அம்மா அடுப்பின் முன்னால் அழுதுகொண்டிருந்தாள். மறுநாள் அவர் வழக்கம்போல் வேலைக்குப் போனார். அந்த மாணவர்கள் படிப்பு முடிந்து போனபின் வேன் மறுபடி வரவே இல்லை. நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்தார்.

வரிசையில் நின்றவரைச் சோதித்து முடித்தேன். அவர் மனைவி, "மறுபடி எப்ப வருவீங்க டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"அடுத்த மாசம்" என்று சொல்லிவிட்டேன். மறுபடி முகாம் நடத்துவார்களா என்று கல்லூரியில் இன்னும் யாரிடமும் நான் கேட்கவில்லை.