இரண்டாம் பேஸில் நின்ற மாமா

இதை எழுதலாமா என்று பல வருஷம் யோசித்து யோசித்தே விட்டுவிட்டேன். குடும்பஸ்தன் ஒருவன் பகடை உருட்டிய கதையா என்று ஊரில் கேட்பார்களே என்ற கூச்சம் ஒன்று. பெருமாள் காரியத்தை விளையாட்டோடு சேர்த்துப் பேசலாமா என்ற பயம் இன்னொன்று. பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் காலையில் நடக்கப் போவேன். வட்டமான பாதை. இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் மைதானத்தைத் தங்கள் இடக்கைப் பக்கம் வைத்தே சுற்றுகிறார்கள். நான் ஒருவன்தான் வலம் வருகிறேன். அதனால் எல்லோர் முகமும் எனக்கு எதிரே வரும். 'குட்மார்னிங்' சொல்லியே வாய் ஓய்ந்துவிடும். வந்த புதிதில் ஓர் அம்மாள் என்னை நிறுத்தி, "வழி தவறிவிட்டதா?" என்று பரிவாகக் கேட்டார். "இல்லையம்மா, என் வீடு அதோ தெரிகிறது" என்றேன். அவர் கேட்டது எதைப் பற்றி என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

திசை விஷயத்தில் எனக்கு ஊரிலேயே கெட்ட பெயர் உண்டு. எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் கல்யாணம். தாலி கட்டிய கையோடு பிரகாரம் சுற்றப் போனபோது, மில்லில் கண்விழித்த அரைத் தூக்கத்தில் இடமாகச் சுற்றத் திரும்பிவிட்டேன். மாமனார் திருமலைச்சாமி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார்.

"மாப்ள, அங்கிட்டு எங்க போறீக? பொண்ணு இங்கிட்டுல்ல நிக்கா."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அவர் கடைசி வரை விடவில்லை. என் மனைவி ரெங்கநாயகியின் அண்ணன் எங்களை இங்கே வரவழைத்தபோது, பஸ் ஸ்டாண்டில் வைத்து எல்லோர் காதிலும் விழும்படி, "கோயிலுக்குள்ளயே திசை தெரியாத ஆளு. அம்புட்டு தூரம் எப்படிப் போய்ச் சேரப் போறீகளோ" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இங்கேயும் நூல் மில்தான். பக்கத்து வீட்டு ரால்ஃப் அதே மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்து தனியாக இருந்தார். அவர் வீட்டு மேஜையில் ஒரு லீக் நடந்துகொண்டிருந்தது. பேஸ்பால் ஆட்டத்தை மைதானம் இல்லாமல் ஆடும் பெட்டி அது. ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஓர் அட்டை உண்டு. பகடையை உருட்டி, விழுந்த எண்ணை அட்டையில் பார்த்தால் அவன் அடித்தானா, அவுட்டா என்று தெரிந்துவிடும். மைதானம் வரைந்த பலகையில் ஓடுகிறவனுக்குச் சட்டைப் பொத்தான். புறப்பட்ட இடத்திலிருந்து முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ் என்ற நிறுத்தங்களைச் சுற்றி அதே இடத்துக்கு வர வேண்டும்; இரண்டாம் பேஸ் நேர் எதிரே. அணிகளும் ஆட்களும் எல்லாமே ரால்ஃப் மனதில் பிறந்தவர்கள். மனைவி இறந்த வருஷம் ஆரம்பித்ததாம். ஒரு நாளும் ஆட்டம் நின்றதில்லை என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வெற்று அட்டைகளை என் முன்னால் வைத்து, "உன் ஊருக்கு ஓர் அணி போடு" என்றார். ராஜபாளையம் அணி அப்படித்தான் பிறந்தது. கூமாப்பட்டிக்குப் புறப்படும் பஸ்ஸைத் தினமும் துரத்திப் பிடிக்கும் மில் கூட்டாளி முத்தையாவுக்கு வேகம் அதிகம் போட்டேன். மாமா திருமலைச்சாமிக்கு எதைப் போடுவது? இந்த ஆட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. மோசமாக வரும் பந்துகளைத் தொடாமல் பொறுமையாக நின்றால், அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கலாம். ஆடிப்பூரத் தேர் தன் மூலைக்கு வரும்வரை வெயிலில் நகராமல் நிற்பவர் மாமா. அந்தப் பொறுமையை அவர் அட்டையில் நிறையப் போட்டேன். பொத்தானில் 'தி' என்று எழுதி ஒட்டினேன்.

முதல் ஆட்டத்தில் பொத்தானை வலம் வருவதுபோல் நகர்த்திவிட்டேன். ரால்ஃப் திருத்தினார். "எதிர்ப்பக்கம். உங்கள் ஊர்க் கடிகாரம் எப்படி ஓடும்?"

"கடிகாரம் ஓடுகிற பக்கம்தான் நான் போனேன். நீங்கள்தான் எதிரே போகிறீர்கள்" என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூதாட்டமில்லை என்று தெரிந்தபின் ரெங்கநாயகியும் தடுக்கவில்லை. எங்கள் வீட்டு மேஜையிலும் ஆட்டம் நடந்தது. அப்படி ஒரு நாள் ஆடிக்கொண்டிருக்கும்போது ஊரிலிருந்து போன். மாமாவுக்கு நெஞ்சுவலி, மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். போனை வைத்துவிட்டு வந்தவள் மேஜையைப் பார்த்தாள். 'தி' பொத்தான் இரண்டாம் பேஸில் நின்றது.

"ஏங்க, இது எங்க அய்யாவா?"

"ஆமா."

"எப்படி வந்தாக இங்கன?"

வந்த வழியை விரலால் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நடுவுல மேட்டுல பந்து போடுதவன் ஒருத்தன் நிக்கான். அவனச் சுத்தி இடமா ஓட விட்டுருக்கீக. கொள்ளிக்குடம் தூக்கிட்டா சுத்துதாக எங்க அய்யா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. பொத்தானை எடுக்கக் கை நீட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீக. ஆஸ்பத்திரியில கெடக்கிற மனுசன எடுத்து வெளிய போடுவீகளா?"

எடுத்தாலும் தப்பு, நகர்த்தினாலும் தப்பு. பொத்தான் அங்கேயே நின்றது. ரால்ஃபின் லீக் முதல் தடவையாக நின்றது. பகடைதான் காரணம் என்று எண்ணி, "காசு வைக்கவில்லை என்று பாதிரியாரையே சொல்லச் சொல்கிறேன்" என்றார் ரால்ஃப், பாவம். நான் மேஜை நடுவில் ஒரு டம்ளரை வைத்து வலமாகச் சுற்றிக் காட்டி, "இது சாமிக்கு" என்றேன். இடமாகச் சுற்றி, "இது சாவுக்கு" என்றேன். "எங்கள் சர்ச்சில் நேராகப் போவோம், நேராகத் திரும்புவோம்" என்றார் ரால்ஃப். அப்புறம் எழுந்து போனார். போன முதுகைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

ஆபரேஷன் நாளன்று காலையில் ஒரு பிளைவுட் பலகையோடு வந்தார். மைதானத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாற்றிக் கையால் வரைந்திருந்தார். "ராஜபாளையம் மைதானத்தில் இனி எல்லா அணியும் இப்படித்தான் ஓடும். இது லீக் விதி" என்றார்.

ரெங்கநாயகி பொத்தானைப் பார்த்தாள். "அய்யா?"

அவரை எந்த இடத்தில் வைப்பது என்று ரால்ஃபிடம் கேட்டேன். ரால்ஃப் சிரித்தார். "அவரை எங்கேயும் மாற்ற வேண்டாம். எந்தப் பக்கம் சுற்றினாலும் இரண்டாம் பேஸ் ஒரே இடம்தான். இனி வந்த வழியே திரும்பி வருவார்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகை ஓரத்தில் குங்குமம் வைத்தாள். பொத்தானைப் பழைய பலகையிலிருந்து புதிய பலகைக்குத் தானே எடுத்து வைத்தாள். பெருமாளை நினைத்துப் பகடையை உருட்டினேன். அதனால்தான் மாமா பிழைத்தார் என்று சொல்ல வரவில்லை. பிழைக்க வைத்தவன் பெருமாள், கத்தி பிடித்தவர் டாக்டர். ஆனால் அந்தக் காலைப் பொழுதைக் கடக்க எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது.

அடுத்த லீவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது பலகையையும் கொண்டுபோனேன். மாமா இளைத்திருந்தார். ஊர்ப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலை மலைப் பெருமாளைப் பார்க்கப் படி ஏறக் கூடாதென்று டாக்டர் சொன்னதில் அவருக்குக் கோபம். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம ஊர்ல நம்ம பக்கம். வெளியூர் போனா?"

"அவுங்க பக்கம்தான் மாமா."

"அப்ப நம்ம பயலுக ரெண்டு பக்கமும் ஓடணும். தடுமாற மாட்டானுகளா?"

"தடுமாறத்தான் செய்யுதானுக."

"உங்களுக்கு அது பழக்கந்தான மாப்ள" என்றார். பிரகாரத்தில் சிரித்த அதே சிரிப்பு.

மாமா இன்னும் சில வருஷம் இருந்தார். அவருக்குப் பின் ரால்ஃபும் போய்விட்டார். அடக்கத்தன்று அவர்கள் சர்ச்சில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. நேராகப் போனோம், நேராகத் திரும்பினோம். எனக்கு மனசு ஆறவில்லை. அவர் சிறு வயதில் ஆடிய மில் மைதானத்துக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினேன். ரெங்கநாயகி அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டம் தொடங்கும் இடத்திலேயே நின்றாள். ரால்ஃபுக்காக இடமாகவே சுற்றி நடந்தேன். அவள் தடுக்கவில்லை. இரண்டாம் பேஸ் வந்ததும் கால் நின்றுவிட்டது. இப்படியே போனால் ரால்ஃபின் வழி. திரும்பினால் மாமாவின் வழி. அவள் நிற்கும் இடத்துக்கு இரண்டும் ஒரே தூரம்.

அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஓடிய திசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ராஜபாளையத்தில் வலமாகவும் ரால்ஃபின் ஊரில் இடமாகவும், நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்.