கக்கூஸ் சுவரில் விளைந்த வயல்

என் பெயர் முதன்முதலாக ஊரறிய எழுதப்பட்டது எங்கள் பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் சுவரில்தான். பக்கத்தில் ஒரு பெடியனின் பெயர், நடுவில் ஒரு கூட்டல் குறி. கரிக்கட்டையால், என் கண்மட்டத்துக்கு எழுதியிருந்தது. அந்தப் பெடியனோடு நான் அதுவரை கதைத்த ஒரே கதை, "உன்ரை சைக்கிளை எடு, வழியை மறிச்சுக்கொண்டு நிக்குது" என்பதுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வன்னியில், விசுவமடுவில் நான் ஒன்பதாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சண்டையால் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளும் சேர்ந்ததில் பள்ளிக்கூடம் இரண்டு மடங்காகப் பெருத்துவிட்டது. பெட்டைகளுக்கான கக்கூஸ் மட்டும் பழைய மூன்றேதான். அவற்றை மறைத்து முன்னால் ஒரு நீண்ட சுவர் நின்றது. பெடியள் அதைத் தங்கள் பத்திரிகையாக வைத்திருந்தார்கள். யார் யாரைப் பார்த்துச் சிரித்தது, எந்த டீச்சருக்கு என்ன பட்டம், எல்லாம் அதில் வரும். அதிபர் இரண்டு தடவை வெள்ளையடிப்பித்தார். அவர்களுக்கு அது புதுக் கொப்பி கிடைத்த மாதிரி. மறுநாளே நிரப்பிவிட்டார்கள். அந்தச் சுவரைத் தாண்டிப் போகிற வெட்கத்தில் எங்களில் பாதிப்பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை.

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சேரமுன்னரே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா அரிசி அரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"காணும் பிள்ளை படிச்சது. வாற திங்கள் நான் வந்து விடுகைப் பத்திரத்தை வாங்கிறன். இனி நீ வீட்டில நில்."

"நானோ எழுதினனான்?"

"நீ எழுதேல்லை. ஆனா பேர் உன்ரை பேர்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் மண்வெட்டிக்குப் பிடி போடுகிற வேலையில் மூழ்கிவிட்டார். எங்கள் வீட்டில் அம்மா சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எவனோ ஒருவன் கரி பிடித்ததற்கு நான் ஏன் குசினிக்குள் இருக்க வேண்டும்? இரவு முழுக்க அந்தச் சுவரையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். வெறுமையாக இருப்பதால்தானே எழுதுகிறார்கள்? எழுத ஓர் அங்குலமும் விடாமல் நிரப்பிவிட்டால் என்ன செய்வார்கள்? விளைந்த வயலில் விரல் வைக்க இடமிருக்காது. சுவர் முழுக்க விளைந்த வயலைப் படமாகக் கீறிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்தவள் கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. அவளுடைய மாமா கடற்கரையில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதியவர். இப்போது எங்கள் பக்கத்தில் கடைப்பலகைகளும் சைக்கிள் நம்பர்களும் எழுதிக்கொண்டிருந்தார். எங்களுக்கெல்லாம் அவர் பெயின்டர் அண்ணை. இரண்டு பேருமாக அவரிடம் போனோம்.

"கக்கூசுக்கோ? மாதாவின்ரை பேர் எழுதின கை இது" என்றார் அவர்.

"அந்தக் கை நேற்று ஆட்டிறைச்சி விற்கப்படும் எண்டு எழுதினதை நானும் பாத்தனான் மாமா" என்றாள் அவள்.

மனிதர் சிரித்துவிட்டார். அதோடு ஒத்துக்கொண்டார். அதிபரும் மூன்றாம் தடவை வெள்ளையடிக்கச் சலித்துப்போய், "வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டாப்போல செய்யுங்கோ. மரியாதையான படமாயிருக்க வேணும்" என்று விட்டார்.

வெள்ளி பின்னேரம் பெட்டைகள் முப்பது பேர் கூடிவிட்டோம். பொருளாதாரத் தடையால் பெயின்ட் வன்னிக்குள் வராத காலம் அது. சுண்ணாம்பு இருந்தது. உடுப்புக்குப் போடுகிற நீலத்தைச் சுண்ணாம்பில் கரைத்து, கை எட்டாத உயரத்தில் வானம் பூசினோம். கிரவல் மண்ணைக் கஞ்சியில் குழைத்து அடியில் வரம்பு போட்டோம். கதவுகள் மூன்றும் தகரம். அவற்றுக்குப் பெயின்டர் அண்ணை தன் வள்ளத்துக்கென்று வாங்கி, ஓடிவரும்போதும் விடாமல் தூக்கிவந்த நீலப் பெயின்ட் தகரத்தை உடைத்தார். மூடி இறுகியிருந்தது. திறந்ததும் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் தூரிகையைத் தோய்த்தார். முதற்கதவில் பாரை, இரண்டாவதில் திருக்கை, மூன்றாவதில் மீசையோடு ஓர் இறால். கடற்கரைப் பிள்ளைகள் செதில்களுக்கு வெள்ளைப் புள்ளி வைத்தார்கள்.

வயலுக்கு மஞ்சள் வேண்டும். "மஞ்சளுக்கு எங்க போறது?" என்றார் அண்ணை. "அதை என்னட்டை விடுங்கோ" என்று மார்தட்டியவள் நான். குசினி அலுமாரியில் அம்மா இடித்து வைத்திருந்த மஞ்சள்தூளைப் போத்தலோடு கொண்டுவந்து, எல்லோரும் பார்க்கச் சுண்ணாம்பு வாளிக்குள் கொட்டிக் கலக்கினேன்.

வாளி சிவந்தது.

சுளுக்குக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசாத வீடு எங்கள் ஊரில் இல்லை. அது சிவக்கும் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே நின்ற முப்பது பெட்டைகளில் ஒருத்திக்கும் அந்த நேரம் அது ஞாபகம் வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு மஞ்சளும் இல்லை, வேறு நாளும் இல்லை. பிழை விட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிறவிக் குணம்.

"காய்ஞ்சால் மஞ்சளாகும்" என்றேன்.

அதை நம்பினார்கள். காய்ந்த நெற்கதிர்களைக் கட்டாகக் கட்டி, வாளியில் தோய்த்துச் சுவரில் ஒற்றினோம். ஒவ்வொரு ஒற்றலுக்கும் ஒரு கதிர் மணி மணியாகப் பதிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, ஊசி போக இடமில்லாமல் ஒற்றினோம். வேலை முடிந்தபோது பொழுது சரிந்திருந்தது. தள்ளி நின்று பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரத்தச் சிவப்பாக இருந்தது.

அதிபர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார்.

"வயல் பத்தி எரியிற மாதிரிக் கிடக்கு, பிள்ளையள். இதை நாங்கள் கீறித்தான் பாக்க வேணுமோ?" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மறுத்துக் கதைத்திருப்பேன். "திங்கள் காலமை மணியடிக்க முதல் வெள்ளையடிச்சு விடுங்கோ."

வெள்ளையடித்தால் மறுநாள் கரி வரும். அம்மாவும் அன்றைக்குத்தான் வருகிறார். அண்ணை தூரிகையைக் கழுவிக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"தங்கச்சி, காய்ஞ்சால் மாறுமெண்டனீ. மெய்யோ?"

"தெரியாதண்ணை. சும்மா சொன்னனான்."

அவர் வெறும் பெயின்ட் தகரத்தை எடுத்துச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போனார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சனியும் ஞாயிறும் நான் வீட்டில் சொன்ன வேலையெல்லாம் செய்தேன். ஞாயிறு பின்னேரம் அம்மா பள்ளிக்கூடத்துக்கு உடுக்கவென்று நல்ல சீலையை எடுத்து உதறிக் கொடியில் போட்டார்.

திங்கள் விடிய நானும் கொக்கிளாய்க்காரியும் சுண்ணாம்பு வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். வகுப்புக் கொட்டிலைச் சுற்றித் திரும்பியதும் அவள் நின்றுவிட்டாள். சுண்ணாம்பு என் காலில் சிந்தியது. ஏசுவதற்கு வாயைத் திறந்துகொண்டே நிமிர்ந்தேன்.

சுவர் மஞ்சளாக நின்றது. அரிவு வெட்டுக்கு ஆள் கூப்பிடலாம் போன்ற மஞ்சள். அடிப்பக்கம் மட்டும் சிவப்பின் சாயல் கொஞ்சம் மிச்சமிருந்தது, பின்னேர வெயில் பட்ட வயல் மாதிரி.

"எடியே, விளைஞ்சிட்டுதடி" என்றாள்.

அன்று எனக்கு வந்த சந்தோசம் பிறகு எந்தச் சோதனை பாஸ் பண்ணியும் வந்ததில்லை. சுண்ணாம்பு காய்ந்து இறுகும்போது காரம் குறையும், அப்போது மஞ்சள் தன் நிறத்துக்குத் திரும்பும் என்று விஞ்ஞான டீச்சர் பிறகு விளங்கப்படுத்தினார். அன்று காலை எனக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. "நான் சொன்னனான்தானே" என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றேன். அண்ணை வந்தார், சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சும்மா சொன்ன கதையை அவர் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதிபர் வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் வாளியைக் காட்டி, "அதைப் பெடியளின்ரை கக்கூசுப் பக்கம் கொண்டுபோங்கோ. எழுதின ஆக்களே அங்க அடிக்கட்டும்" என்றார். பெடியள் அன்று முழுக்க எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கிழமைக்குள் தங்களுக்கும் ஒரு படம் கீறித்தரச் சொல்லி அவர்களே வந்து கேட்டது வேறு கதை.

முதல் பாடத்திலேயே ஒருத்தி எழும்பி, "டீச்சர், இறாலுக்குப் போட்டு வரட்டோ?" என்றாள். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தியும் கக்கூசுக்குப் போகவில்லை. பாரைக்கும் திருக்கைக்கும் இறாலுக்கும்தான் போனோம். எல்லோரும் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்தோம்.

இடைவேளைக்கு அம்மா வந்தார். நேரே சுவருக்குத்தான் வந்தார். வயலில் பிறந்து வளர்ந்த கமக்காரி. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரம்பில் நடப்பதுபோல நடந்து, என் பெயரைத் தேடினார். கிடைக்கவில்லை. ஒரு கதிரைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு தொட்டியடியில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு, இறால் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார்.

நான் வெளியே காவலுக்கு நின்றேன். வெளியே வந்த அம்மா காலைக் கழுவினார், சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். அதிபரின் அறைப்பக்கம் திரும்பவே இல்லை. பள்ளிக்கூடத்து வாசல் படலையை நோக்கி நடந்தார். நான் பின்னாலே ஓடினேன்.

"அம்மா, விடுகைப் பத்திரம்?"

அம்மா படலையில் கை வைத்தபடி திரும்பினார்.

"குசினியில ஒரு சிட்டிகை மஞ்சள் இல்லை" என்றார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரேக்க சங்கக்கடையில வாங்கிக்கொண்டு வா."