கொட்ட மனம் வராத தண்ணீர்

யுத்தத்தால் அரிசி கிடைக்காத சமயம். கொல்லிமலைக்குப் புதிதாகக் குடிவந்த நான், சந்தையில் மலிவாக விற்ற மரவள்ளிக்கிழங்கை வாரம் முழுமைக்கும் வாங்கினேன். கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். சத்து வீணாகக் கூடாதென்று கிழங்குத் தண்ணீரிலும் வைத்து, முதலில் மகள் வள்ளிக்கு ஊற்றினேன். கசக்கிறது என்றாள், அதட்டிக் குடிக்க வைத்தேன். சிறிது நேரத்தில் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள்.

என் அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்துக் காட்டு நல்லம்மாள் சட்டியைப் பார்த்தார்.

“ஏனுங்க, கசப்புக் கிழங்குத் தண்ணி வெசமுங்க, அத நாங்க மாட்டுக்கே காட்டமாட்டோமுங்க!”

“சத்துன்னு நெனச்சேனுங்க.”

சாயங்காலம்தான் வள்ளி எழுந்து உட்கார்ந்தாள்.

இப்போது நல்லம்மாள் சொன்னபடி, விஷம் ஆவியோடு போகட்டுமென்று கிழங்கைச் சட்டி மூடாமல் வேகவைத்து, தண்ணீரை ஒட்டக் கொட்டிவிடுகிறேன். கொள்ளு ரசம் மட்டும் தொடர்கிறது. அதையும் நான் முதலில் குடித்த பிறகே வள்ளி தம்ளரைத் தொடுகிறாள்.