கிரேஸும் கிடாயும்

நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகும் பெண்களுக்கு நாமக்கல்லில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒருத்தி எழுந்து, "மிஸ், கிரேஸ்னா அருள்தானுங்க?" என்றாள். ஆமாம் என்று உட்காரவைத்திருந்தால் பிழைத்திருப்பேன். வாய் சும்மா இருக்கவில்லை.

ஆடுகிறவளின் நளினமும் கிரேஸ்தான் என்றேன். சேலத்தில் நான் படித்த கான்வென்ட் விடுதியில், சோறு ஆறும்வரை சிஸ்டர் சொன்ன சாப்பாட்டு ஜெபமும் கிரேஸ்தான். இன்சூரன்ஸ் தேதி தப்பினால் கொடுக்கும் கூடுதல் நாளும் அதுதான். தோற்றவன் முகம் சுளிக்காமல் கைகொடுத்தால் அதற்கும் அதே பெயர். "ஒரே வார்த்தைய வெச்சுக்கிட்டு இத்தன வேலை வாங்கறாங்களே" என்று அவள் சொல்ல, வகுப்பே சிரித்தது. கிரேஸ் மார்க்கைப் பற்றிச் சொல்ல வந்தவள், சொல்லாமல் திரும்பி போர்டை அழித்தேன்.

என் அண்ணன் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் கிரேஸ் மார்க்கில் தேறியவன். "தர்மத்துக்குப் பாஸானவன்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். பிறகு திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் வேலைக்குச் சேர்ந்து ராய்ப்பூர் பக்கம் போனான். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். "இனி இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க வேண்டாம்" என்று அப்பா போனிலேயே சொல்லிவிட்டார். அவன் மிதிக்கவில்லை. அப்பா சொன்ன பேச்சை வாழ்க்கையில் அவன் கேட்டது அந்த ஒரு முறைதான். அது வருஷக்கணக்கில் நீண்டுவிட்டது.

இந்த வருஷம் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில் கிடாவெட்டு வைத்தோம். "எல்லாருத்துக்கும் சொல்லிட்டயா சாமி?" என்று அப்பா கேட்டார். சொல்லியாச்சுங்கப்பா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "எல்லாருத்துக்குமா?" என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து வராது. நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் அண்ணனுக்கு போன் செய்தேன்.

"அப்பா சொன்னாரா, நீயாச் சொல்றயா?"

"கேட்டாருங்கண்ணா."

"வாரேன் சாமி" என்றான்.

எங்கள் பக்கம் கிடாயை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதுவரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். அன்றைக்குச் சொம்பு அப்பா கையில் இருந்தது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. அப்பா விரல் நுனியை நனைத்துக் கிடாயின் முதுகில் சொட்டு விட்டார். அது பாட்டுக்கு வேப்பிலையைத் தின்றுகொண்டிருந்தது. "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கண்ணா" என்றார் ஒரு பங்காளி. மறுபடியும் சொட்டுத்தான். வெயில் ஏறியது. சமையல்காரர் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். அப்பாவின் பார்வை கிடாய் மேல் இல்லை, பஸ் வந்து நிற்கும் புளியமரத்தடியில் இருந்தது.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. உதறித் தொலைக்காதே என்று நானும் கிடாயிடம் மனதுக்குள் கெஞ்சினேன். சாமி முன்னால் நின்றுகொண்டு, சாமி உத்தரவு வரக்கூடாது என்று வேண்டியவர்கள் எங்கள் வம்சத்திலேயே நாங்கள் இருவராகத்தான் இருப்போம். எனக்கு அண்ணனைப் பார்க்க வேண்டும். அவன் சிரிப்பதைப் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பொறுமையிழந்த பூசாரி சொம்பை வாங்கி அப்படியே கிடாயின் தலையில் கவிழ்த்தார். அது தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. பக்கத்தில் நின்றவர்களின் வேட்டியெல்லாம் மஞ்சளானது. "உத்தரவு கெடச்சிருச்சு" என்று பங்காளிகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அரிவாள் வந்தது.

அப்பா கிடாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அது ஈ கடிச்சதுக்கு ஒதறுச்சுங்க. உத்தரவு இன்னும் வரல. செத்த பொறுங்க."

சாமி காரியத்தில் ஒரு சின்னப் பிசகு என்றாலும் சண்டைக்கு நிற்கிறவர் அவர். அரிவாளோடு வந்தவர் அதைக் கீழே வைத்தார். பூசாரி காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல் கிணற்றுப் பக்கம் நடந்தார்.

அண்ணன் அன்றைக்கு வரப்போவதில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. புளியமரத்தடியில் ஒரு பஸ் வந்து நின்று, யாரையும் இறக்காமல் போனது. அப்பா கயிற்றை விடவில்லை.