மூன்றாம் நாள் மண்டகப்படி

பிசைந்த தயிர்ச்சோறு டிபன் டப்பாவில் கிடக்க, இடது கையால் மவுஸைப் பிடித்து யுவராணி மறுபடியும் 'ஹிஸ்டரி'யைத் திறக்கிறாள். கோயில் திருவிழா நோட்டீஸில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று அதில் தெரியும். அடிக்கடி பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இன்று பார்த்தும் இறங்கவில்லை.

பழனிசெட்டிபட்டியில் செல்வினின் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள் தலையில்தான். கோம்பைத் திருவிழா நோட்டீஸை எல்லோரும் திருத்தும்படி ஆன்லைனில் போட்டதும் அவளே. நாளுக்கொரு குடும்பத்துக்கு மண்டகப்படி; அன்றைய பூஜைச் செலவு அவர்களுடையது. நோட்டீஸில் தங்கள் பெயர் வரும் வரியை அவரவர் போனிலேயே சரிபார்க்கலாம். போன் பிடிபடாத பெரியவர்கள் நேரில் வந்து அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அவள் லாகின் திறந்தே கிடக்கும் அந்த மெஷினில் யார் தட்டினாலும் ஹிஸ்டரியில் அவள் பெயரில்தான் விழும். எழுந்திருக்கச் சொல்ல வாய் வராது. "பெரியவுக வந்தாக, எப்பிடிண்ணே சொல்றது?" என்பாள் செல்வினிடம். "ஒரு பேரு விட்டுப்போனா தேரு நின்னுபோகும்" என்று தானே சொல்லித் தானே பயந்துகொள்வாள்.

இன்று மூன்றாம் நாளையே காணோம். முத்துராமலிங்கம் வீட்டு வரி முழுசும் அழிந்திருந்தது. அழித்தவர்: யுவராணி. உடனே திரும்பப் போட்டுவிட்டாள். அதற்குள் ஊரே போனில் பார்த்துவிட்டது. முத்துராமலிங்கம் வந்து கேட்கும்போது பதில் சொல்ல முடியாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று செல்வின் சொல்லிவிட்டார்.

வரி அழிந்த நேரத்தில் அவள் டீ வாங்கப் போயிருந்தாள். டீ முத்துராமலிங்கத்துக்குத்தான். அப்பாவின் இனிஷியலைத் திருத்தக் காலையில் வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர்.

இப்போது சொந்தக்காரர்களோடு படியேறி வருகிறார். அத்தனை பேர் முன்னால் 'நீங்கதான் அழிச்சீக' என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் பிழைப்பு போய்விடும்.

"எங்க பேர எடுத்தது யாரு ஆத்தா?"

யுவராணி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "காலைல மாதிரி இங்கன உக்காந்து பாருங்கய்யா. அழிஞ்ச நேரம் போட்டிருக்கு."

அவர் கண்ணாடியை மாட்டி நேரத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். காலையில் அவர் குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸ் மேஜையிலேயே இருந்தது.

"மெஷின் கோளாறுப்பா. பேரு இருக்கு. அச்சுக்கு விடச் சொல்லுங்க" என்றார், சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த இனிஷியல மட்டும் ஒரு தட்டுத் தட்டிர்றேன் ஆத்தா" என்று கீபோர்டுக்கு விரலைக் கொண்டுபோனார்.

அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, யுவராணி முதலில் தன் பெயரை லாக்அவுட் செய்தாள்.